காளவாசலுக்குப் போன கடல் மண்

மதுரை விமான நிலையத்தில் ஒரு சுங்க அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பயணத்தில் நடந்த அத்தனைக்கும் பிள்ளையார் சுழி அந்தச் சிரிப்புதான். அவர் மேல் குற்றமில்லை. என் சட்டைப் பையிலிருந்த கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து, "என்ன இது?" என்றார். "மண்ணு சார்" என்றேன்.

"சிங்கப்பூர்லருந்து மண்ணா? ஏம்ப்பா, நம்மூர்ல இல்லாத மண்ணா?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா, "தங்கம் கொண்டு வாரவகளப் பாத்திருக்கேன், இது புதுசா இருக்கு" என்றது. மெய் லின் மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். அதிகாரி படித்துவிட்டு, "ஆராய்ச்சிக்கா? பத்திரமா கொண்டு போங்க" என்று மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். அதற்குள் என் காது இரண்டும் சுட்டுப் போயிருந்தன.

நான் ஆராய்ச்சி செய்கிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சிங்கப்பூரில் மெய் லின் மேடத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் எடுபிடி வேலை. கப்பலில் போய் ஆழ்கடலின் அடியில் நீளக் குழாயைச் செருகி மண் எடுத்து வருவார்கள். அந்தக் குழாயை நெடுக்கப் பிளந்து குளிர் அறையில் அடுக்கியிருப்பார்கள். எடுத்துக் கொடுப்பது, திரும்ப அடுக்குவது, மேடம் வெட்டித் தரும் துண்டைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, காய வைப்பது, இவ்வளவுதான் என் பாடு. களியெல்லாம் ஓடிய பிறகு சல்லடையில் வெள்ளை ரவை மாதிரி கொஞ்சம் தங்கும். அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

அந்த ரவை, கண்ணுக்குத் தெரியாத பிராணிகள் கட்டிக்கொண்டு வாழ்ந்த ஓடு. மேடம் ஒருநாள் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சில நத்தை மாதிரி சுருண்டிருந்தன. சில, குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டியது போல் இருந்தன. முக்கால்வாசி மேல்தண்ணீரில் மிதந்து வாழ்ந்து, செத்த பிறகு கீழே இறங்கியவை. கடலடியிலேயே, வெளிச்சமே படாத இடத்தில் வாழ்ந்தவை கொஞ்சம்தான். தேடித்தான் பொறுக்க வேண்டும். அந்த ஓடு உண்டானபோது அடித் தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்ததோ அதற்குத் தக்கபடி அதன் சுண்ணாம்பு அமையுமாம். ஓட்டைக் கரைத்து மிஷினில் கொடுத்தால், ஒருத்தரும் எட்டிப் பார்க்காத அந்த ஆழத்தின் அன்றைய குளிரை அது சொல்லிவிடும்.

என்னிடம் கொடுத்த குப்பியில் இருந்தது, உலகத்தை மூடியிருந்த பனி உருக ஆரம்பித்த காலத்து அடுக்கு. அந்தக் குழாயில் அந்த அடுக்கு ஒரு விரற்கடைதான் இருந்தது. மிச்சமெல்லாம் செலவாகி, இது மட்டும் மீந்தது. மேடத்தோடு முன்பு வேலை பார்த்த தேன்மொழி என்கிற பெண் இப்போது மதுரைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறார். அடியில் வாழ்ந்த ஓடுகளை வகை பிரிப்பதில் அவர் கண்ணுக்கு ஈடில்லை என்பார் மேடம். "நீ ஊருக்குத்தானே போகிறாய், அவளிடம் கையில் கொடு. பெட்டியில் போடாதே, உடம்போடு வைத்துக்கொள்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஒரு தூண் ஓரமாகப் பெட்டியைத் திறந்து, குப்பியைத் தைலப் பாட்டில்களுக்கு நடுவே செருகினேன். சட்டைப் பையில் இருந்தால் யாராவது கேட்பார்கள். கேட்டால் மண் என்று சொல்ல வேண்டும்.

மாட்டுத்தாவணியில் முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர், "கொட்டாம்பட்டியா? இது பைபாஸ் ரைடருண்ணே, நிக்காது, எறங்குங்க" என்றார். பெட்டியோடு இறங்கினேன். அடுத்த பஸ் நின்று நின்று போனது. சிங்கப்பூரில் பஸ் கதவு திறக்கும், மூடும்; யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். இங்கே மேலூர் தாண்டுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் என் சம்பளம், பிள்ளைகள், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று வரிசையாகக் கேட்டார். "லேப்ல" என்றேன். "ரத்தம் எடுக்குற லேப்பா?" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கிரானைட் வெட்டிய மலைகள் பாதி உடம்போடு நின்றன.

எங்கள் ஆட்கள் சொந்த நிலம் இல்லாதவர்கள். அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியும் கண்மாயில் மண் சுமந்தும் பிழைத்தவர்கள். நான் சிங்கப்பூர் போனபோது, இவனாவது மண்ணிலிருந்து தப்பினான் என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்களிடம் என் வேலையை விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவனின் பெட்டியை எங்கள் ஊரில் அவன் பிரிப்பதில்லை. நடு வீட்டில் வைத்து, சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்து, வேறு ஒருவர் பிரிப்பார். என் மனைவி தனத்தின் தம்பி பாண்டிக்குத்தான் அந்தப் பொறுப்பு. வாய்க்காரன்.

"மச்சான் பெட்டி கனமா இருக்கே. அவர் பாக்குறதப் பாரு, பயப்படாதீங்கன்னு சொல்லு அக்கா. உங்களுக்கும் ஒரு சட்டை விட்டு வைக்கிறேன் மச்சான்."

சாக்லேட் பிள்ளைகளுக்குப் போனது. டார்ச் லைட்டைப் பாண்டி தனக்கே எடுத்துக்கொண்டான். தைலம் பெரியவர்களுக்கு. அப்படிக் கை மாறிக்கொண்டே வந்தபோது குப்பி என் மதினி கையில் நின்றது. தனத்தின் அக்கா, மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறார். மகள் காயத்ரிக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பத்திரிகை கொடுக்க வந்தவர் நான் வருகிறேன் என்று தங்கியிருந்தார்.

"இது என்ன தம்பி, ரவ மாதிரி இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மண் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. விமான நிலையத்துச் சிரிப்பும் கூடவே நின்றது. "அது கடலுக்கு அடியில எடுத்தது மதினி. பெருசாக்கிப் பாத்தா முத்து மாதிரி இருக்கும்" என்றேன்.

"முத்துப்பொடியா?"

"அதான் சீனாக்காரிக மொகம் அப்பிடி மினுங்குது" என்றான் பாண்டி. "டப்பா டப்பாவா பூசுவாளுகளாம்."

மதினி குப்பியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "கல்யாணப் பொண்ண நெனச்சு வாங்கிட்டு வந்திருக்கீங்களே தம்பி. பெத்த அப்பன் இருந்தாக்கூட இது தோணாது" என்றார். அவர் கணவர் இறந்து சில வருஷமாகிறது. கண் கலங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் மதினி வில்லாபுரம் போனார். அவர் கைப்பையில் பனிக்காலத்துக் கடல் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தனத்திடம் சொன்னேன்.

"அம்புட்டுப் பேர் முன்னாடி எடுத்துக் குடுக்கும்போது வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"மதினி அழுதுட்டாங்க."

"இப்ப அந்த மேடம் அழும்." அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. "கறிக்கடையில நிக்கும். நேர்ல போங்க. போயி மண்ணுன்னு சொல்லுங்க, மண்ணுன்னு."

வில்லாபுரம் போய்ச் சேர்ந்தபோது மதினி இட்லி அவித்துக் குடல் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தார். காயத்ரியைக் காணவில்லை. "காளவாசல்ல அவ சிநேகிதி பியூட்டி பார்லர்ல இருக்கா. முத்துப்பொடியப் போட்டுப் பாக்கப் போயிருக்கா. உக்காருங்க தம்பி."

"எப்படிப் போடுவாங்க மதினி?"

"தயிர்ல கொழச்சு மஞ்சப்பொடி கலந்து பூசுவாங்க. எலுமிச்சம்பழமும் புழிவாங்க."

ஓட்டைக் கரைக்க மேடம் அமிலம் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு போதும், நுரைத்து ஒன்றுமில்லாமல் போகும். எழுந்தேன். "ஞாயித்துக்கெழம வீடு தேடி வந்துட்டு வெறும் வயித்தோட போறதா?" என்று மதினி தோளை அமுக்கி உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். குடல் குழம்பு என்றால் எனக்கு உயிர். சிங்கப்பூரில் பொட்டலச் சோற்றைத் தின்னும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு வாயும் எலுமிச்சம்பழமாகப் புளித்தது. மதினி மேலும் இரண்டு இட்லி வைத்தார். அதையும் தின்றேன்.

கை கழுவும்போது ஒருவழியாக, "மதினி, அந்தக் குப்பி வேற ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியது" என்றேன்.

"வேற ஒருத்தருக்கா? யாருக்கு?"

"இங்க மதுரையிலயே ஒரு அம்மாவுக்கு."

"ஓ. பெரிய எடமா?" என்றார். "அப்ப வாங்கிக்கங்க தம்பி. எங்களுக்கென்ன." சட்டியை மூடிவிட்டு அடுப்படிக்குள் போனார். மண் என்று சொல்லியிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டாம். சொல்லவில்லை.

ஆட்டோ காளவாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இருமிவிட்டு நின்றது. "கேஸ் தீந்துபோச்சுண்ணே. லேசா ஒரு தள்ளு தள்ளுனா அந்தா தெரியுற கேஸ் பங்க்குக்குப் போயிரலாம்" என்றார் டிரைவர். தள்ளினேன். சிங்கப்பூர் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு ஆட்டோ தள்ளுகிறவனைப் பார்த்து பைக்கில் போனவர்கள் ஹாரன் அடித்தார்கள். பிறகு மிச்சத் தூரம் ஓடினேன்.

பார்லர் ஒரு புரோட்டாக் கடை மாடியில் இருந்தது. கதவில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. படியில் ஏறுவதும் இறங்குவதுமாக நின்றேன். கீழே மாவு பிசைந்துகொண்டிருந்த மாஸ்டர் அண்ணாந்து பார்த்து, "உங்க வீட்டம்மா உள்ள இருக்காங்களா? இருந்தா சாயங்காலம்தான். வாங்க, ஒரு புரோட்டா சாப்பிடுங்க" என்றார். கதவைத் தட்டினேன். மெல்லத் தட்டியது உள்ளே கேட்கவில்லை. "காயத்ரி" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு சத்தமாக யாரையும் கூப்பிட்டதாக நினைவில்லை.

கதவு திறந்தது. காயத்ரி முகம் முழுக்க மஞ்சளாகப் பூசிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் தெரிந்தது.

"சித்தப்பா? என்ன ஆச்சு?"

"எலுமிச்சம்பழம் புழிஞ்சாச்சா?"

"இல்லயே, தயிர்தான். ஏன்?"

அந்தப் படியில் வைத்துச் சொன்னேன். இது முத்து இல்லை, ஆராய்ச்சிக்கு உள்ளது, இதை விட்டால் வேறு கிடையாது என்றேன். அவள் பூச்சுக்கு உள்ளே என்ன முகம் காட்டினாள் என்று தெரியவில்லை. உள்ளே போனாள். ஒரு வாளியை முன்னால் வைத்து, அதிலேயே விழும்படி முகம் கழுவினாள். கிண்ணத்தில் மீந்த கலவையையும் துண்டையும் அதே வாளியில் அலசினாள். குப்பியில் கால் பங்கு அப்படியே இருந்தது, அதையும் கொடுத்தாள்.

"சொரசொரன்னு இருந்துச்சு சித்தப்பா. நல்ல சரக்குன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க. தெருப் பூராம் சொல்லிருச்சு, சிங்கப்பூர் முத்துப்பொடின்னு" என்றாள். சரி என்றேன்.

அவள் சிநேகிதி கதவோரம் நின்று பார்த்தாள். "மொகங் கழுவுன தண்ணிய எடுத்துட்டுப் போறவர இன்னைக்குத்தான் பாக்குறேன்." கீழே இறங்கியபோது மாஸ்டர், "என்னண்ணே, மாந்திரீகமா?" என்றார்.

மூடியில்லாத வாளியோடு கொட்டாம்பட்டிக்கு பஸ் பிடித்தேன். மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "மோரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டு வாசலில் கேன் தண்ணீரை ஊற்றி, தெளிய விட்டு, இறுத்து, மறுபடி ஊற்றி, மறுபடி இறுத்தேன். கடைசியாக வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு தட்டில் காய வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. வெள்ளை ரவை கொஞ்சம் வந்தது. வெள்ளை என்று என் கண்ணுக்குத்தான் பட்டது. குப்பியில் தனியாக மீந்திருந்த கால் பங்கோடு அதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். குப்பி நிறைவாகத் தெரியட்டும் என்றுதான் கொட்டினேன். அதைவிட மடத்தனம் இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை கல்லூரி. தேன்மொழி என்னை எதிர்பார்த்திருந்தார். "வாங்கண்ணே. மேடம் உங்களப் பத்தி நெறையச் சொல்லுவாங்க" என்று நாற்காலி போட்டார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த நாலு வரி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்து போனது. குப்பியை மேஜையில் வைத்தேன். அவர் ஒரு சிட்டிகையைக் கறுப்புத் தட்டில் தூவி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். மெல்லிய தூரிகையை நனைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"அண்ணே, இது எந்தக் கடல்?"

"ஏம்மா?"

"மஞ்சத் தேச்சுக் குளிச்சிட்டு வந்திருக்கே."

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தயிர் என்றதும் அவர் சிரிப்பு நின்றது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நத்தை மாதிரிச் சுருண்ட ஒன்று, மடிப்பிலெல்லாம் மஞ்சள் ஏறி, ஓரம் அரித்துப் போய்க் கிடந்தது.

"புளிப்பு தின்னுருக்கு பாருங்க. எந்த வகைன்னு இன்னும் கண்டுபிடிச்சிரலாம். எந்தெந்த வகை இருக்குன்னு பாத்தா, அன்னைக்கு அடித் தண்ணியில ஆக்சிஜன் இருந்துச்சா இல்லையான்னு ஓரளவு சொல்லலாம். ஆனா எம்புட்டுக் குளிர்னு சொல்ல முடியாதுண்ணே. ஓடு கெட்டா அது சொல்றத நம்ப முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "குப்பியில மீந்தத மட்டும் தனியா வச்சிருந்தா அதுலருந்து ஏதாவது தேறியிருக்கும்" என்றார்.

நான் கலந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் போனை எடுத்து மெய் லின் மேடத்தைக் கூப்பிட்டார். "நீங்களே சொல்லுங்கண்ணே" என்று என் கையில் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கல்யாணம், முகம், தயிர், எல்லாம் என் தப்பு. கேட்டுவிட்டு மேடம் "ஓகே" என்றார். சிங்கப்பூரில் அந்த ஒரு வார்த்தையில் சரி என்றும் போதும் என்றும் போய்த் தொலை என்றும் சொல்வார்கள். இது எது என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் புரியவில்லை.

தேன்மொழி வாசல் வரை வந்தார். இனி என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு விளக்கினார். அந்தக் குழாயின் குளிரையெல்லாம் மேடம் ஒரு கோடாக வரைவாராம். இந்த அடுக்கு வரும் இடத்தில் கோடு விட்டுப் போகும்; மேலேயும் கீழேயும் இருப்பதை வைத்து நடுவில் இப்படி இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே வந்து கல்லூரி வாசலில் பருத்திப்பால் குடித்தேன். ருசி தெரியவில்லை. பனி உருகத் தொடங்கிய நேரத்துக் கடலை விசாரிக்க ஒருத்தர் கப்பல் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு அதை நான் காளவாசலில் கழுவிவிட்டேன்.

அடுத்த வாரம் காயத்ரி கல்யாணம். மண்டபத்தில் மதினி பழைய மனத்தாங்கலைக் காட்டிக்கொள்ளவில்லை. மேடைக்கு எதிரேயே பந்தி போட்டிருந்தார்கள்; என்னை முதல் பந்தியில் உட்கார வைத்துத் தானே பரிமாற நின்றார். மேடையில் பெண் நன்றாகத்தான் இருந்தாள். விளக்கு வெளிச்சமோ அவள் வயசோ, முகம் மினுங்கியது. பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் அதையே பேசினார்கள்.

"சித்தப்பா சிங்கப்பூர்லருந்து முத்துப்பொடி கொண்டாந்தாராம்ல."

"ஒரே பூச்சுல இப்பிடியா?"

"மச்சான், அடுத்த தடவ வரும்போது என் வீட்டுக்காரிக்கும் ஒண்ணு" என்றான் பக்கத்து இலையிலிருந்த பாண்டி. "பெரிய டப்பாவா கொண்டாங்க. அவ மொகத்துக்குச் சின்னது பத்தாது."

இன்னொரு அம்மா எழுந்தே வந்துவிட்டது. தன் மகளுக்குத் தை மாதம் கல்யாணமாம். எவ்வளவானாலும் கொடுத்துவிடுகிறேன், ஒரு குப்பி மட்டும் வேண்டும் என்று என் கையைப் பிடித்தது. எனக்கு மேடத்தின் குளிர் அறை ஞாபகம் வந்தது. அடுக்கி வைத்த குழாய்கள் ஞாபகம் வந்தன. வாயைத் திறந்தேன். திறந்ததும் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"அது முத்துப்பொடி இல்ல. மண்ணு. கடலுக்கு அடியில கெடந்த மண்ணு. நான் சிங்கப்பூர்ல மண்ணுதான் கழுவுறேன்."

பந்தி அடங்கியது. மேடையில் காயத்ரி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையைப் பிடித்திருந்த அம்மா கையை எடுத்தது. "குடுக்க மனசில்லேன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறது. நான் என்ன ஓசியிலயா கேட்டேன்?" என்று தன் இலைக்குப் போய்விட்டது. பாண்டி மட்டும் சிரித்தான். மச்சான் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தான்.

மதினி பாயச வாளியோடு என் இலைக்கு முன்னால் நின்றார்.

"அந்தப் பெரிய எடத்து அம்மாவுக்குன்னு திருப்பி வாங்கிட்டுப் போனீங்க, நான் ஒண்ணும் சொல்லல. இப்ப எம்மக மொகத்துல மண்ணப் பூசுனேன்னு மண்டபத்துல வச்சுச் சொல்றீங்களே தம்பி."

"இல்ல மதினி" என்றேன். அவர் என் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் குனிந்து அதைச் சாப்பிட்டேன்.